மரத்துக்குப் பின்னால் ஒரு கழுகு: பழைய புத்தகப் படங்களில் புராணக் காட்சியை அடையாளம் காண்பது எப்படி

என்னிடம் ஒரு தனித்தாள் இருக்கிறது. ஏதோ ஒரு பழைய புத்தகத்திலிருந்து எப்போதோ பிரிந்து வந்தது. கையை விரித்து மேலே வைத்தால் படம் மறைந்துவிடும், அவ்வளவுதான் அளவு. செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்ட படம். மரத்தடியில் இரண்டு பெண்கள் நெருக்கமாக உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருத்தியின் நெற்றிக்கு மேல் பிறை. தரையில் வில்லும் அம்பறாத்தூணியும், பக்கத்தில் சுருண்டு படுத்த ஒரு நாய். பிறையும் வில்லும் இருந்தால் வேட்டைத் தெய்வம் டயானாதான், இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று உறையின் மேல் ‘டயானாவும் தோழியும்’ என்று பென்சிலால் எழுதி வைத்தேன். இரண்டு வருடம் அது அப்படியே இருந்தது.

ஒருநாள் இலைகளை எப்படிச் செதுக்கியிருக்கிறார்கள் என்று பார்ப்பதற்காகப் பத்து மடங்கு பெரிதாக்கும் லூப்பை எடுத்து அந்த மரத்தின் மேல் வைத்தேன். அடிமரத்துக்குப் பின்னால் வெறும் இருட்டு என்று நான் நினைத்திருந்த இடத்தில் ஒரு வளைந்த அலகு தெரிந்தது. அப்புறம் ஒரு கண். அப்புறம் இறக்கையின் விளிம்பு. கழுகு! அதன் நகங்களுக்குக் கீழே தீ நாக்குகள் போல நெளியும் ஒரு கற்றை. அதுதான் இடி. கழுகும் இடியும் ரோமத் தெய்வங்களின் அரசரான ஜூபிட்டருடையவை. டயானாவின் படத்தில் அவற்றுக்கு வேலையே இல்லை.

அப்படியென்றால் நெற்றியில் பிறை சூடியிருப்பவள் டயானா இல்லை. டயானாவின் உருவத்தில் வந்திருக்கும் ஜூபிட்டர். தோழி என்று நான் நினைத்தவள் காலிஸ்டோ, டயானாவின் வேட்டைக் கூட்டத்தில் ஒருத்தி. அவளை அடையத்தான் ஜூபிட்டர் இந்த வேடத்தில் வந்திருக்கிறார். தன் தலைவிதான் வந்திருக்கிறாள் என்று நம்பி முகத்தைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கிறாள். அதுவரை எனக்கு அமைதியாகத் தெரிந்த படம் அந்த நொடியில் பயங்கரமான படமாக மாறிவிட்டது. ஒரு கோடு கூட மாறவில்லை. பார்க்கத் தெரிந்தது, அவ்வளவுதான்.

அன்றிலிருந்து எந்தப் படத்தையும் ஓரத்திலிருந்துதான் பார்க்க ஆரம்பிக்கிறேன். உங்களுக்கும் அதையே சொல்வேன். நடுவில் இருக்கும் அழகான உடல் யாருடையதாகவும் இருக்கலாம். வீனஸுக்கும் டயானாவுக்கும் ஆண்ட்ரோமிடாவுக்கும் ஒரே தோளையும் ஒரே இடுப்பையும்தான் செதுக்குவார்கள். கதையைச் சொல்லும் பொருள் ஓரத்தில், இருட்டில், காலடியில் கிடக்கும்.

முதலில் படத்தைச் சுற்றியுள்ள எழுத்துகள்

படத்துக்குள் நுழையும் முன் நான்கு பக்க ஓரங்களையும் படியுங்கள். கீழே இடது மூலையில் பொடி எழுத்தில் ஒரு பெயர் இருந்தால் பெரும்பாலும் அது படத்தை வரைந்தவர் பெயர். வலது மூலையில் இருப்பது செதுக்கியவர் பெயர். பெயருக்குப் பின்னால் லத்தீன் சொல் ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். முழுச் சொல் அபூர்வம். முதல் சில எழுத்துகளும் ஒரு புள்ளியும்தான் இருக்கும். ‘இன்வெனிட்’ என்றால் காட்சியைக் கற்பனை செய்தவர். ‘பின்க்ஸிட்’ என்றால் மூல ஓவியத்தைத் தீட்டியவர். ‘டெலினியாவிட்’ என்றால் தகட்டுக்காக வரைந்து கொடுத்தவர். ‘ஸ்கல்ப்ஸிட்’ என்றால் செதுக்கியவர். ‘எக்ஸ்குடிட்’ என்றால் வெளியிட்டவர். ஒரே படத்தில் மூன்று பேர் இருந்தால் குழம்ப வேண்டாம். அவர்கள் மூன்று வேறு வேலை செய்தவர்கள், சில சமயம் மூன்று வேறு ஊர்களில் இருந்தவர்கள்.

எழுத்தைப் படிக்கும்போது ஒரு சிக்கல் வரும். அந்தக் காலத்து நீள ‘எஸ்’ பார்ப்பதற்கு ‘எஃப்’ போலவே இருக்கும். குறுக்குக்கோடு தண்டை முழுவதும் கடந்து போகிறதா என்று பாருங்கள். கடந்தால் எஃப். கடக்கவில்லை என்றால் எஸ்.

எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது எண்கள். மேலே மூலையில் ஒரு எண் இருந்தால், படத்தை எந்தப் பக்கத்துக்கு எதிரே வைத்துத் தைக்க வேண்டும் என்று பைண்டிங் செய்பவருக்குச் சொல்லும் குறிப்பாக அது இருக்கலாம். கீழே ‘லிப்’ என்ற சுருக்கமும் ரோமன் எண்ணும் இருந்தால் பாகத்தின் எண். ‘ஃபேப்’ என்று இருந்தால் அந்தப் பாகத்துக்குள் எத்தனையாவது கதை என்று அர்த்தம். இந்த இரண்டும் சேர்ந்து கிடைத்துவிட்டால் கையில் இருப்பது பெரும்பாலும் ரோமக் கவிஞர் ஓவிட் எழுதிய ‘மெட்டமார்ஃபோசஸ்’ நூலின் ஏதோ ஒரு பதிப்பு. கி.பி. 8 வாக்கில் ரோமில் எழுதி முடித்த அந்த உருமாற்றக் கதைகள் மொத்தம் 15 பாகம். பழைய ஐரோப்பியப் புத்தகங்களில் நீங்கள் பார்க்கும் கிரேக்க, ரோமப் புராணக் காட்சிகளில் பெரும்பங்கு இங்கிருந்து வந்ததுதான். அதனால் எண் இல்லாவிட்டாலும் தேடலை ஓவிடிலிருந்தே தொடங்குங்கள்.

இன்னொன்று. இந்தப் புத்தகங்கள் பெரும்பாலும் ரோமப் பெயர்களைத்தான் பயன்படுத்தும். ஜூபிட்டர் என்பவர் கிரேக்கத்தில் ஜீயுஸ், டயானா ஆர்ட்டெமிஸ், மெர்க்குரி ஹெர்மீஸ், மினர்வா அத்தீனா. தேடும்போது இரண்டு பெயரையும் போட்டுப் பாருங்கள்.

கோடு எப்படிப் பிறந்தது

இதைத் தெரிந்துகொள்ளாமலும் காட்சியைக் கண்டுபிடிக்கலாம். ஆனாலும் படத்தின் காலம் தெரிந்தால் தேடல் பாதியாகக் குறையும் என்பதால் கொஞ்சம் சொல்கிறேன்.

லூப்பை ஒரு கோட்டின் மேல் வையுங்கள். ஊசி முனையாக ஆரம்பித்து, நடுவில் பருத்து, மறுபடியும் ஊசி முனையாக முடிந்தால், பியூரின் என்ற உளியைக் கையால் தள்ளிச் செப்பில் வெட்டிய கோடு அது. உளி ஆழமாக இறங்கிய இடத்தில் மை அதிகமாக நிற்கும், கோடு பருக்கும். கோடு பேனாவால் கிறுக்கியது போலச் சுதந்திரமாக ஓடி மழுங்கலாக முடிந்தால், மெழுகுப் பூச்சின் மேல் கீறி அமிலத்தில் ஊறவைத்த எட்சிங். 18ஆம் நூற்றாண்டுத் தகடுகளில் இரண்டும் கலந்தே இருக்கும். மரமும் புல்லும் எட்சிங், உடம்பு மட்டும் உளி.

பருத்து மெலியும் கோட்டின் உச்சத்தைப் பார்க்க விரும்பினால் டச்சுக் கலைஞர் ஹெண்ட்ரிக் கோல்ட்ஸியஸின் படங்களைத் தேடிப் பாருங்கள். 1558இல் பிறந்தவர். சிறு வயதில் நெருப்பில் வெந்து அவருடைய வலது கை வளைந்து போய்விட்டது. அந்தக் கையையே 1588இல் மிக நுணுக்கமாக வரைந்து வைத்திருக்கிறார். ஓவிடின் கதைகளுக்காக அவர் வடிவமைத்த வரிசையில் 52 படங்கள் இருக்கின்றன. வேறு யார் செய்ததையும்விட எனக்கு அவைதான் பிடிக்கும்.

மரக்கட்டையில் செதுக்கிய படம் வேறு மாதிரி இருக்கும். அதில் மேடாக நிற்கும் பகுதிதான் மை வாங்கும். எழுத்தச்சும் அப்படித்தான் என்பதால் இரண்டையும் ஒரே அழுத்தத்தில் சேர்த்து அச்சிடலாம். எழுத்தும் படமும் ஒரே பக்கத்தில் இயல்பாக உட்கார்ந்திருந்தால் மரக்கட்டையாக இருக்கலாம். செப்புத் தகட்டுக்கு உருளை அச்சு வேண்டும். தாளை அப்படி அழுத்தும்போது தகட்டின் விளிம்பு தாளில் ஒரு செவ்வகப் பள்ளமாகப் பதிந்துவிடும். விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் தெரியும். விரலால் தடவிப் பார்க்காதீர்கள். ஓரம் வெட்டப்பட்ட தாள்களில் இந்தத் தடம் இருக்காது. என் தாளிலும் இல்லை.

லூப்பில் கோட்டுக்குப் பதில் ஒழுங்கான புள்ளி வரிசை தெரிந்தால் அது பிற்காலத்தில் புகைப்பட முறையில் எடுத்த நகல். காட்சியைப் படிக்க அதுவும் போதும்.

இடமும் வலமும்

தகட்டில் இருப்பது தாளில் இடவலம் மாறித்தான் விழும். இதனால் வரும் குழப்பங்கள் நிறைய. அப்போலோ இடது கையால் நாணை இழுக்கிறாரா? வீரன் வாளை வலது இடுப்பில் தொங்கவிட்டிருக்கிறானா? அப்படியென்றால் செதுக்கியவர் ஓர் ஓவியத்தையோ வேறொரு அச்சுப் படத்தையோ பார்த்து, திருப்பாமல் அப்படியே தகட்டில் செதுக்கியிருக்க வாய்ப்பு அதிகம். இதைப் பிழை என்று ஒதுக்கிவிடாதீர்கள், மூலப்படம் எங்கோ இருக்கிறது என்பதற்கு இது ஒரு தடயம். 1557இல் பிரான்ஸின் லியோன் நகரத்தில் வந்த ஓவிட் புத்தகத்துக்கு பெர்னார்ட் சாலமோன் மரக்கட்டைப் படங்கள் செய்தார். 1563இல் ஃபிராங்ஃபர்ட்டில் விர்ஜில் சோலிஸ் அவற்றைப் பார்த்துச் செதுக்கி வெளியிட்டார். பெரும்பாலான காட்சிகள் கண்ணாடியில் தெரிவது போலத் திரும்பி இருக்கும். அதனால் ஒரு படத்தை இன்னொன்றோடு ஒப்பிடும் முன் கைபேசியில் அதைத் திருப்பியும் பார்த்துவிடுங்கள். திருப்பாமல் ஒப்பிட்டுவிட்டு ‘இது வேறு படம்’ என்று முடிவுகட்டுவதுதான் அதிகம் நடக்கிறது.

பொருள்கள் பேசட்டும்

இப்போது படத்துக்குள் போகலாம். முகத்தைப் பார்க்காதீர்கள். கையில் என்ன, தலையில் என்ன, காலடியில் என்ன மிருகம் என்று மட்டும் ஒரு தாளில் எழுதுங்கள். மயில் என்றால் ஜூபிட்டரின் மனைவி ஜூனோ. முச்சூலம் என்றால் கடல் தேவன் நெப்டியூன். இறக்கை வைத்த தொப்பியும் பாம்பு சுற்றிய கோலும் மெர்க்குரி. ஆந்தை அல்லது மெடூசா தலை பதித்த கேடயம் மினர்வா. திராட்சைக் கொடி பாக்கஸ். இவற்றை ஒரு வாரத்தில் பழகிவிடலாம்.

ஏமாற்றுபவை வேறு. தலையில் நாணல் சூடி, சாய்ந்து கிடந்து, குடத்திலிருந்து நீர் கொட்டும் தாடிக்காரரை எல்லோரும் நெப்டியூன் என்பார்கள். அவர் நதி. இந்த இடத்தில் ஓர் ஆறு ஓடுகிறது என்பதைத்தான் அப்படிக் காட்டுவார்கள். ஆனால் பக்கத்தில் விரல்களில் இலை முளைக்கும் ஒரு பெண் ஓடிக்கொண்டிருந்தால் அந்த நதி பெனியஸ், அவள் தந்தை. அவள் டாஃப்னி, துரத்துவது அப்போலோ. துரத்துபவனுக்கு ஆட்டுக்கால் இருந்து, அவள் நாணல் புதரில் மறைந்தால் அது பான் துரத்திய சிரிங்ஸ். இரண்டும் முதல் பாகத்திலேயே வருவதால் பலர் இவற்றைக் குழப்புகிறார்கள்.

மேலே பறக்கும் குட்டி கியூபிடை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். காதல் என்று வந்தாலே அவனைப் போட்டுவிடுவார்கள்.

வேட்டைக்காரனும் நாயும் இருந்தால் நிதானமாகப் பாருங்கள். குறைந்தது நான்கு கதைகள் காத்திருக்கின்றன. வேட்டைக்காரன் தலையில் கொம்பு துளிர்த்தால் ஆக்டியோன். காட்டுப்பன்றி குத்தி அவன் கீழே கிடக்க, வீனஸ் ஓடி வந்தால் அடோனிஸ். வெட்டிய பன்றித் தலையை ஒரு பெண்ணுக்குக் கொடுத்தால் மெலியாகர், வாங்குபவள் அட்டலாண்டா. புதரில் ஒரு பெண் மார்பில் ஈட்டி பட்டுக் கிடந்தால் செஃபாலஸும் புரோக்ரிஸும். புதரில் சலசலப்பு கேட்டு, மிருகம் என்று நினைத்து, கணவனே எறிந்த ஈட்டி அது.

மாறுவேடக் கதைகள்தான் எல்லாவற்றிலும் கடினம். கதைப்படி ஏமாறுபவருக்கு உண்மை தெரியக்கூடாது, பார்க்கும் நமக்கோ தெரிந்தாக வேண்டும். அந்த இக்கட்டில்தான் செதுக்குபவர் ஒரு கழுகை மரத்துக்குப் பின்னால் ஒளித்து வைக்கிறார். ஒரு கிழவி ஓர் இளம்பெண்ணோடு பேசுவது போன்ற படம் வந்தால் உடனே சந்தேகப்படுங்கள். அறையில் தறி இருந்தால் கிழவி மினர்வா, எதிரே இருப்பவள் அரக்னி. பழத்தோட்டமாக இருந்தால் கிழவி உண்மையில் வெர்டும்னஸ் என்ற தேவன், எதிரே பொமோனா. மயில் எங்காவது எட்டிப் பார்த்தால் கிழவி ஜூனோ, கேட்டுக்கொண்டிருக்கும் அப்பாவி செமெலி.

எந்த நொடி?

யார் என்று தெரிந்ததும் நிறுத்திவிடாதீர்கள். கதையில் எந்த நொடியைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். ஆக்டியோன் படத்தையே எடுத்துக்கொள்வோம். டயானா குளிப்பதைப் பார்த்துவிட்டதற்காக அவள் மானாக மாற்றிவிட்ட வேட்டைக்காரன் அவன். முன்னால் குளம், தோழிகள் டயானாவை மறைக்கப் பார்க்கிறார்கள், அவள் கையால் நீரை வாரி அவன் முகத்தில் அடிக்கிறாள். அவன் இன்னும் மனிதன்தான், நெற்றியில் மட்டும் கொம்பு. இப்போது தூரத்து மலைச்சரிவுக்கு லூப்பைக் கொண்டு போங்கள். அங்கே நகத்தளவில் ஒரு மான் விழுந்து கிடக்கும், நாய்கள் மேலே பாய்ந்திருக்கும். அதுவும் ஆக்டியோன்தான். முன்னால் காரணம், பின்னால் விளைவு. ஒரே சட்டத்துக்குள் ஒரே ஆள் இரண்டு முறை வருவது இந்தப் படங்களில் சர்வசாதாரணம்.

அந்த நாய்களைக் கொஞ்சம் நின்று பாருங்கள். ஓவிட் மூன்றாம் பாகத்தில் முப்பதுக்கும் மேற்பட்ட நாய்களைப் பெயர் சொல்லி வரிசைப்படுத்துகிறார். முதலில் குரைப்பவற்றில் ஒன்று மெலாம்பஸ், அதாவது கருங்கால். எஜமான் தன் பெயரைச் சொல்லிக் கத்த நினைக்கிறான், வாயிலிருந்து சொல் வரவில்லை. அவன் பெயரிட்டு வளர்த்த நாய்களுக்கு அவனை யாரென்று தெரியவில்லை. நல்ல செதுக்குக்காரர் கையில் ஒவ்வொரு நாய்க்கும் வேறு வேறு காது, வேறு வேறு பாய்ச்சல் இருக்கும். இந்தப் பட்டியலைப் படித்த பிறகு அந்த நகத்தளவு மூலையை என்னால் சும்மா கடந்து போக முடிந்ததில்லை.

1632இல் ஆக்ஸ்ஃபோர்டில் வந்த ஜார்ஜ் சாண்டிஸின் ஆங்கில ஓவிட் மொழிபெயர்ப்பில் இந்த முறை உச்சத்துக்குப் போகிறது. ஃபிரான்சிஸ் க்ளைன் வரைய, சாலமன் சாவரி செதுக்கிய படங்கள். பாகத்துக்கு ஒன்று என்று, அந்தப் பாகத்தின் கதைகளை ஒரே நிலக்காட்சிக்குள் அடுக்கியிருப்பார்கள். அப்படி ஒரு தாள் கிடைத்தால் முழுப்படத்தையும் ஒரே கதையாக்க முயலாதீர்கள். ஒரு தாளில் சின்ன ஓட்டை வெட்டி, படத்தைத் தொடாமல் மேலே பிடித்து நகர்த்திக்கொண்டே போனால் ஒவ்வொரு காட்சியாகப் பிரியும்.

நூலுக்குத் திரும்புங்கள், ஆனால் முழுதாக நம்பிவிடாதீர்கள்

கதை இதுதான் என்று தோன்றியதும் அந்தப் பகுதியை ஓவிடில் படியுங்கள். படத்தில் இருக்கும் ஒவ்வொரு பொருளுக்கும் நூலில் இடம் இருக்கிறதா? பாறையில் கட்டப்பட்ட ஆண்ட்ரோமிடாவைக் காக்க வரும் பெர்சியஸ் பல படங்களில் பெகாசஸ் என்ற இறக்கைக் குதிரையில் வருவான். ஓவிடிலோ காலில் இறக்கைச் செருப்பு கட்டிக்கொண்டு பறந்து வருகிறான். குதிரை வேறு மரபிலிருந்து ஓவியர்கள் கொண்டுவந்தது. அதனால் குதிரையைப் பார்த்ததும் பெகாசஸில் ஏறிப் போரிட்ட பெல்லெரோஃபோன் என்று எழுதிவிடாதீர்கள். அவன் எதிரே சிங்கமும் ஆடும் பாம்பும் கலந்த கைமேரா இருக்க வேண்டும், கடற்கரையில் கட்டிப்போட்ட பெண் இருக்கக் கூடாது. கரையில் மெடூசாவின் தலை கடற்பாசி மேல் கிடந்தால் பெர்சியஸ் என்பது உறுதி. அந்தத் தலை பட்ட பாசி கல்லாகிப் பவளம் ஆனது என்று நாலாம் பாகத்தில் வருகிறது.

பிறகு ஒப்பிடுங்கள். ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் மியூசியமும் லண்டனின் பிரிட்டிஷ் மியூசியமும் தங்கள் அச்சுப் படத் தொகுப்பை இணையத்தில் திறந்து வைத்திருக்கின்றன. லண்டன் வார்பர்க் நிறுவனத்தின் படத் தரவுத்தளத்தில் கதை வாரியாகவே தேடலாம். படங்களை அவற்றின் கருப்பொருளை வைத்து எண்ணிட்டுப் பிரிக்கும் ஐகன்கிளாஸ் என்ற வகைப்பாட்டில் கிரேக்க, ரோமப் புராணங்களும் பண்டைய வரலாறும் 9 என்ற எண்ணின் கீழ் வரும். கைபேசியில் எடுத்த படத்தை வைத்துத் தேடுவதாக இருந்தால் முழுப்படத்தோடு, சந்தேகமான மூலையை மட்டும் வெட்டியும் தேடுங்கள்.

காலிஸ்டோவின் கதையை அப்படித்தான் இரண்டாம் பாகத்தில் கடைசி வரை படித்தேன். அவள் கருவுற்றது தோழிகளோடு குளிக்கும்போது தெரிந்துவிடுகிறது. டயானா விரட்டுகிறாள். ஜூனோ அவளைக் கரடியாக்குகிறாள். வருடங்கள் கழித்து மகன் ஆர்க்கஸ் தாய் என்று தெரியாமல் ஈட்டியை ஓங்கும்போது ஜூபிட்டர் இருவரையும் தூக்கி வானில் வைக்கிறார். நாம் சப்தரிஷி மண்டலம் என்று சொல்லும் விண்மீன்கள் அந்தப் பெருங்கரடியின் ஒரு பகுதிதான். அப்போதும் ஜூனோ விடவில்லை. காலிஸ்டோ கடலில் இறங்கிக் குளிக்கக் கூடாது என்று கடல் தேவர்களிடம் வரம் வாங்கிக்கொள்கிறாள். வடக்கே போகப் போக அந்த விண்மீன்கள் அடிவானத்துக்குக் கீழே இறங்காமல் சுற்றிக்கொண்டே இருப்பதற்கு இதுதான் கதை சொல்லும் காரணம்.

கடைசியாகக் குறிப்பு எழுதுங்கள். பென்சிலால், படத்தின் மேல் அல்ல, உறையின் மேல். உறை அமிலம் இல்லாத தாளாக இருக்கட்டும். ஒட்டும் டேப் எந்தக் காரணத்துக்கும் வேண்டாம். கண்டதை முதலிலும் முடிவைப் பிறகும் எழுதுங்கள். முடிவு மாறினாலும் கண்டது அப்படியே இருக்கும். பழைய வரியை அழித்துவிட்டு என் உறையில் இப்போது இப்படி எழுதியிருக்கிறேன்: “மரத்தடியில் இரு பெண்கள், இடப்பக்கத்தவள் நெற்றியில் பிறை, வில், அம்பறாத்தூணி, நாய், அடிமரத்துக்குப் பின்னால் கழுகு, நகத்தடியில் இடி. டயானா உருவில் ஜூபிட்டர், காலிஸ்டோ. ஓவிட், 2ஆம் பாகம். செப்புத் தகடு, உளியும் எட்சிங்கும். நான்கு பக்கமும் ஓரம் வெட்டப்பட்டது.”